மதகில் அடிக்காத ஹாரன்

சவுரிமுத்துவுக்கு வண்டி ஓட்டத் தெரியும், வம்பு வளர்க்காமல் பேசத் தெரியும், ஹாரன் அடிக்கத் தெரியும். மூன்றாவதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஹாரன் அடிப்பது ஒரு வித்தையா, சாயங்காலம் கேம்ப் ரோட்டில் போய் நின்றால் கைக்குழந்தையைத் தவிர எல்லாரும்தான் அடிக்கிறார்கள் என்று தோன்றும். அது எரிச்சலில் அடிப்பது. ஏரியின் இந்தக் கரையில் நின்று அடித்து, அந்தக் கரையில் வீட்டுக்குள் இருப்பவரை மருந்து நோட்டோடு கிளப்பி நடக்க வைக்கிற ஹாரன் வேறு ரகம். ஒன்பது வருஷமாக அந்த ஹாரனை அடித்தவர் சவுரிமுத்து. இரண்டே இரண்டு தடவை அடிக்காமல் விட்டார். அந்த இரண்டைப் பற்றித்தான் இந்தக் கதை. அடித்ததையெல்லாம் யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்?

ஆள் அனகாபுத்தூர்க்காரர். பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டதும் லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராக இறங்கினார். தண்ணீர் லாரி, ஷேர் ஆட்டோ, பள்ளிக்கூட வேன் என்று பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் அவர் ஓட்டாத வண்டி கிடையாது. நாற்பத்தைந்தாவது வயதில், சேலையூரில் இருந்த ஒரு சின்ன தர்ம டிரஸ்ட்டின் நடமாடும் மருத்துவ வண்டிக்கு வந்து சேர்ந்தார். வெள்ளை வேன். உள்ளே ஒரு படுக்கை, பி.பி. பார்க்கிற மிஷின், சர்க்கரை பார்க்கிற மிஷின், மாத்திரை அடுக்கிய இரும்பு அலமாரி. டாக்டர் நித்யஸ்ரீ, நர்ஸ் ஏஞ்சல், டிரைவர் சவுரிமுத்து, ஆக மூன்றே பேர். பஸ் எட்டிப் பார்க்காத ஊர்களாகப் பொறுக்கியெடுத்துப் போவார்கள். வேலை கிடைத்த அன்று அவர் மனைவி ஜெயசீலி கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினாள். "இத்தினி நாளு தண்ணி ஏத்துன, ஸ்கூல் பசங்கள ஏத்துன. இப்போதான்யா புண்ணியத்த ஏத்துற" என்றாள். சவுரிமுத்துவும் அதை நம்பினார். "டாக்டர் வண்டி ஓட்டறேன்" என்று தெருவில் சொல்லும்போது குரலே ஒரு படி ஏறிவிடும்.

அந்த ஊர்களில் கடைசி ஊர் சித்தேரிமேடு. அகரம்தென் ஊரைத் தாண்டி, பிளாட் போட்டு விற்கும் இடத்துக் கொடிக்கம்பங்களையும் தாண்டிப் போக வேண்டும். ஏரிக்கு இந்தப் பக்கம் அறுபது வீடு. அந்தப் பக்கம், வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால் பதினாலு வீடு. அதற்கு அக்கரை என்றே பெயர். அக்கரைக்குச் சுற்றிப் போகிற ரோடு ஒரு மழையில் உடைந்தது உடைந்தபடி கிடந்தது. ஏரிக்கரை மேல் ஆள் நடக்கலாம், வண்டி போகாது. ஆகவே டாக்டரையும் நர்ஸையும் இந்தப் பக்கத்தில், பஞ்சாயத்து டி.வி. ரூமில் இறக்கிவிட்டு, சவுரிமுத்து மட்டும் வண்டியை மதகு வரைக்கும் கொண்டு போவார். அங்கே நிறுத்தி, நீளமாக மூன்று ஹாரன். தண்ணீர் மேல் சத்தம் நன்றாகப் போகும். அடித்துவிட்டுத் திரும்பி வந்து டீ குடித்தால், முக்கால் மணி நேரத்தில் அக்கரை ஆட்கள் கரை மேல் வரிசையாக வந்து சேர்வார்கள்.

ஊரே செல்போனும் கையுமாக இருக்கும்போது ஹாரன் எதற்கு? அக்கரையில் டவர் கிடைக்க வேண்டுமானால் மரத்தில்தான் ஏற வேண்டும். தேதியை முன்கூட்டியே சொல்லலாமே என்றால், மாதத்தின் இரண்டாவது வாரம் என்பது மட்டும்தான் உறுதி. எந்தக் கிழமை என்பது டாக்டரின் மற்ற வேலைகளைப் பொறுத்தது. இந்த ஏற்பாட்டை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. டிரஸ்ட் செயலாளர் ராஜகோபாலன் சார் மாதாமாதம் சரிபார்க்கும் டிரிப் ஷீட்டில்கூட 'ஹாரன்' என்று ஒரு கட்டம் இல்லை. அது சவுரிமுத்துவுக்கும் அக்கரைக்கும் இடையில் இருந்த வாய்ப்பேச்சு.

அக்கரையிலிருந்து முதலில் வருவது எப்போதும் கங்கம்மாதான். அறுபத்திரண்டு வயது. புருஷன் போய்ப் பத்து வருஷம். மகன் எழில் பெரும்பாக்கம் குடியிருப்பில் மனைவி வீட்டாரோடு இருந்தான். கங்கம்மா ஏரி ஓரத்தில் பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி அறுத்துக் கட்டி, அகரம்தென் முக்கில் கொண்டு போய் விற்பார். ஆறு வருஷமாக ரத்தக் கொதிப்பு. டிரஸ்ட் ஒரு தடவைக்கு முப்பது நாள் மாத்திரைதான் கொடுக்கும். முப்பதாம் நாள் முடிந்தால் கங்கம்மாவின் காது மதகுப் பக்கமே இருக்கும். வரும்போது சவுரிமுத்துவுக்கென்று ஒரு கட்டு கீரை தனியாக வரும். "டைவரு தம்பி, உன் ஹாரன் கேட்டா எனக்கு எங்கம்மா கூப்புட்ற மாதிரி கீது" என்று ஒரு தடவை சொன்னார். சவுரிமுத்து அதை வீட்டில் வந்து நாலு தரம் சொல்லிக் காட்டினார்.

போன வருஷம் செப்டம்பரில் சித்தேரிமேட்டுக்குப் போன அன்று, டி.வி. ரூமில் மருந்துப் பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கும்போது ஜெயசீலியிடமிருந்து போன். மகள் ரோஸியைப் பெண் பார்க்க அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வருவதாக இருந்தார்கள்.

"த பாரு, அவங்க நாலு மணிக்கே வராங்களாம். நீ இன்னா பண்ணுவியோ எனக்குத் தெரியாது. மூணு மணிக்கு வூட்ல இருக்கணும். அப்பன் இல்லாத பொண்ணு மாதிரி அவள நிக்க வெக்காத."

சவுரிமுத்து வண்டியை மதகுக்குக் கொண்டு போனார். போகாமல் இருந்திருந்தால்கூட மறந்துவிட்டேன் என்று பிற்பாடு மனதைத் தேற்றியிருக்கலாம். போனார், நிறுத்தினார், ஹாரன் மேல் உள்ளங்கையை வைத்தார். அடித்தால் அவர்கள் நடந்து வர முக்கால் மணி, டாக்டர் பார்த்து முடிக்க முக்கால் மணி. அடிக்காவிட்டால் ஒன்றரைக்கெல்லாம் கிளம்பிவிடலாம். ஒரு மாசம்தானே, போன மாத மாத்திரையில் நாலைந்து மிச்சம் இருக்கும், டாக்டரம்மா கேட்டால் ஆளில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். உள்ளங்கையை எடுத்துக் கியரில் வைத்தார்.

"அக்கரைலேர்ந்து யாரும் வரலியாண்ணா?" என்று ஏஞ்சல் கேட்டாள்.

"அடிச்சேம்மா. எல்லாம் நூறு நாள் வேலைக்குப் போய்ட்டாங்க போல."

ஏஞ்சல் ரிஜிஸ்டரில் நாலு பெயருக்கு நேராக 'வரவில்லை' என்று எழுதினாள். சவுரிமுத்து மூன்று மணிக்கு வீட்டில் இருந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஆறரைக்கு வந்தார்கள். பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்டார்கள். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இன்று வரைக்கும் அவர்கள் சொல்லி அனுப்பவில்லை.

முதல் தடவைக்காவது ஒரு காரணம் இருந்தது. அக்டோபரில் ஒரு காரணமும் இல்லை. பெண் பார்க்க வரவில்லை, காய்ச்சல் இல்லை, வண்டியில் கோளாறு இல்லை. மூன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டால் கேம்ப் ரோடு அடைத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் சேலையூர் போய்ச் சேர்ந்தால் வண்டியைக் கழுவி விட்டுவிட்டுச் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். போன மாதம் எவ்வளவு சுகமாக இருந்தது என்று உடம்புக்கு ஞாபகம் இருந்தது. ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? மதகில் நிறுத்தி, பாட்டிலில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, வண்டியைத் திருப்பினார். டி.வி. ரூமுக்கு வந்ததும், ஏஞ்சல் வாயே திறக்காதபோது, "மூணு தபா அடிச்சேம்மா, ஒருத்தரையும் காணோம்" என்று தானாகவே சொன்னார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். ஏஞ்சல் நல்ல பெண். அவளுக்கு அது உறைக்கவில்லை.

நவம்பரில் சவுரிமுத்து ஒழுங்காக ஹாரன் அடித்தார். மழை விட்டிருந்த நாள், யாருக்கும் வேலை இல்லை. கரை மேல் மூன்று பேர்தான் வந்தார்கள். கங்கம்மாவைக் காணவில்லை.

"கங்கம்மாக்கா வரல?" என்று முன்னால் வந்த பெண்ணிடம் கேட்டார்.

"உனக்குத் தெரியாதாண்ணா? அதுக்குப் பத்து நாள் மின்ன கையும் வாயும் இழுத்துகிச்சு. கீரை அறுத்துகினு இருக்கும்போதே வுழுந்துட்ச்சு. எழில் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனான். இப்போ பெரும்பாக்கத்துல அவன் வூட்லதான் கீது."

ஏஞ்சல் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டாக்டர், ரெண்டு மாசமா மாத்திரை வாங்கல" என்றாள். மற்ற மூன்று பேரையும் பார்த்து, "நீங்களும்தான் வாங்கல. என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"எங்க வூட்டுக்காரரு வண்டியில அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்கியாந்துட்டோம். நாங்க பாதி நாளு பகல்ல வேலைக்குப் போறவங்க, டாக்டர் வண்டி வந்துதா வரலியான்னு எங்களுக்கு இன்னா தெரியும்? கங்கம்மாக்காதான் வாரம் பூரா வூட்லயே குந்திகினு இருந்துச்சு. கடைசியில, ஹாரன் கேக்கலடி, எனக்குக் காது போச்சுடின்னு சொல்லிகினு கெடந்துச்சு."

சவுரிமுத்து வண்டிக்குப் பின்பக்கம் போய், டயரில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் குனிந்து நின்றார். ஒரு டயரையே ரொம்ப நேரம் பார்த்தார்.

திரும்பும்போது மெல்லக் கேட்டார். "டாக்டரம்மா, மாத்திரை வுட்டதாலதான் அப்பிடி ஆச்சா?"

நித்யஸ்ரீ ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, "அதனாலதான்னு சத்தியம் பண்ண முடியாதுண்ணா. ஒழுங்கா சாப்பிடறவங்களுக்கும் ஸ்ட்ரோக் வரும். ஆனா கங்கம்மா ஆறு வருஷமா கன்ட்ரோல்ல இருந்தாங்க. ரெண்டு மாசம் ஒரு மாத்திரைகூட இல்லாம இருந்திருக்காங்க. நீங்களே யோசிச்சுப் பாருங்க" என்றார்.

'சத்தியம் பண்ண முடியாது' என்ற மூன்று வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சவுரிமுத்து ஒரு வாரம் ஓட்டினார். அப்புறம் அதுவும் கையை விட்டது. சாப்பாட்டில் கீரை வைத்தால் எழுந்து போனார். என்ன சங்கதி என்று ஜெயசீலி குடைந்ததில் ஒரு நாள் சொல்லிவிட்டார்.

"அப்போ நான் போன் பண்ணதாலதான்னு சொல்றியா?" என்று அவள் பாய்ந்தாள்.

"உன்ன யாரு சொன்னா? அது மொத தபா. ரெண்டாவது தபா நானேதான்."

ஜெயசீலி எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "வெளிய சொன்னா வேலை போயிடும். ரோஸிக்கு இன்னும் கல்யாணம் முடியல. வாய மூடிகினு சாமிகிட்ட சொல்லு" என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்கு, பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். வலைக்கு அந்தப் பக்கம் பாதிரியார் காது கொடுத்துக் காத்திருந்தார். மதகு, ஹாரன், கங்கம்மா எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. வாயிலிருந்து வந்தது, "வேலையில கொஞ்சம் கவனக்கொறைவா இருந்துட்டேன் சாமி" என்பதுதான். பாதிரியார் மூன்று தடவை 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். சவுரிமுத்து முழங்கால் போட்டு மூன்றையும் சொல்லி முடித்தார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, கடவுளிடமே ஹாரன் கட்டம் இல்லாத டிரிப் ஷீட் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டர் வண்டி புதன்கிழமைதோறும் பெரும்பாக்கத்துக்கும் போகும். டிசம்பர் முதல் புதன்கிழமை, எழில் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். கால் பரவாயில்லை, நடந்தே வந்தார். வலது கை மடங்கியபடி வயிற்றோடு ஒட்டியிருந்தது. வாய் இடது பக்கம் இழுத்திருந்தது. சவுரிமுத்துவைப் பார்த்ததும் அந்த வாய் இன்னும் கொஞ்சம் இழுத்தது. சிரிக்கிறார் என்று அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"அம்மாவுக்குக் காது கேக்காதுண்ணா, கத்திப் பேசுங்க" என்றான் எழில்.

"தம்பி, கோச்சிக்காதப்பா" என்றார் கங்கம்மா. வார்த்தை கொஞ்சம் குழறியது. "ரெண்டு மாசம் நீ வந்து கூப்ட்டுகினு இருந்திருப்ப. வாரம் பூரா கீரைக்குக்கூடப் போவாம வாசல்லயேதான் குந்திகினு இருந்தேன். இந்தப் பாழாப்போன காதுல வுழல. நீ எவ்ளோ நேரம் நின்னியோ."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். எழில் பக்கத்தில் இருந்தான், டாக்டர் உள்ளே இருந்தார், வண்டி நிழலில் நின்றது, சொல்வதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. சவுரிமுத்து குனிந்து, கங்கம்மாவின் காதருகே, "பரவால்லக்கா!" என்று கத்தினார்.

தன் வாழ்க்கையில் சொன்னதிலேயே கேவலமான வார்த்தை அதுதான் என்று பின்னால் அவரே சொல்வார். மன்னிக்க வேண்டியவரை மன்னிப்புக் கேட்க வைத்து, அதைப் பெரிய மனசோடு வாங்கிக்கொண்டும் வந்தாயிற்று.

அதற்கப்புறம் ஒவ்வொரு புதனும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதை தெரிந்தது. எழில் வீடு ஆறாவது மாடியில். கங்கம்மாவைத் தனியாகக் கீழே இறங்க விடுவதில்லை. ரோட்டில் வருகிற வண்டிச் சத்தம் கேட்காமல் அடிபட்டுவிடுவார் என்று பயம். வீட்டில் எல்லாரும் அவரிடம் கத்துவார்கள், அல்லது பேசவே மாட்டார்கள். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுவார்கள்.

"பக்கத்துல பேசறதெல்லாம் நல்லா கேக்குது தம்பி. தூரத்துச் சத்தந்தான் போயிட்ச்சு. சொன்னா ஒருத்தரும் நம்பல" என்று ஒரு நாள் கங்கம்மா சொன்னார். "எனக்கு என் வூட்டுக்குப் போவணும். கை இல்லன்னா இன்னா, இன்னொரு கை கீதுல்ல? இவன் வுட மாட்டன்றான்."

எழில் கெட்டவன் இல்லை. "நான் இன்னாண்ணா பண்றது?" என்று சவுரிமுத்துவிடமே நியாயம் கேட்டான். "நர்சம்மா சொன்னாங்க, உங்க வண்டி வந்து நின்னு மூணு தபா அடிச்சும் அதுக்குக் கேக்கல. அந்தக் காட்டுல தனியா வுட்டா, நாளைக்கு ஒண்ணுன்னா யாரு கூப்ட்டாலும் அதுக்குத் தெரியாதே. நீங்களே சொல்லுங்க."

சவுரிமுத்து தலையை ஆட்டினார். மாடியை அண்ணாந்து பார்த்தார். ஆறாவது மாடி ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அந்த அம்மாவைப் பூட்டி வைத்திருப்பது எழில் இல்லை, தான்தான் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. சாவி தன் வாயிலேயே இருந்தது. வாயைத் திறந்தால் வேலை போகும், ஒன்பது வருஷத்துப் பெயர் போகும், ரோஸியைப் பார்க்க வருகிறவர்கள் காதுக்கும் போகும். திறக்கவில்லை.

ஜனவரி கடைசியில் டிரஸ்ட் ஒரு காது பரிசோதனை முகாம் போட்டது. ராஜாராமன் என்று ஒரு காது டெஸ்ட் நிபுணர் மிஷினோடு பெரும்பாக்கத்துக்கு வந்தார். கங்கம்மாவை வண்டிக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கதவைச் சாத்தினார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் இடது கையைத் தூக்க வேண்டும். எழிலும் அவன் மனைவியும் வெளியே நின்றார்கள். சவுரிமுத்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். இடது கை ஏறி ஏறி இறங்கிற்று. சின்னச் சத்தத்துக்கெல்லாம் கை ஏற ஏற, ராஜாராமனின் புருவமும் கூடவே ஏறியது.

கதவைத் திறந்து, "வயசுக்குக் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். நல்ல காது. தூரத்துச் சத்தமும் கேக்கும்" என்றார் ராஜாராமன்.

சவுரிமுத்துவுக்கு உயிர் வந்தது. இனி தான் வாயைத் திறக்கவே வேண்டாம், மிஷினே விடுதலை கொடுத்துவிட்டது, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டார். ஒரு நிமிஷம்தான்.

"அப்போ ஹாரன் கேக்கலன்னு சொன்னது?" என்றான் எழில். "காது நல்லா இருந்தா அது எப்பிடி சார் கேக்காம போவும்? ஒரு தபா இல்ல, ரெண்டு தபா."

எழிலின் மனைவி தணிந்த குரலில், "நான் அப்பவே சொல்லல? அறிவு பெசகிகினு வருது. கேட்டுட்டு மறந்திருக்கும். எங்க பெரியம்மாவுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுது" என்றாள்.

நித்யஸ்ரீ யோசித்தார். "ஸ்ட்ரோக்குக்கு முன்னாலயே ஞாபகக் குறைவு இருந்திருக்கலாம். நியூராலஜிஸ்ட்டுக்கு எழுதித் தரேன். அதுவரைக்கும் தனியா விட வேண்டாம்" என்று பேனாவை எடுத்தார்.

கங்கம்மா எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் காதில்தான் எல்லாம் விழுகிறதே. "எனக்கு பைத்தியமா தாயி?" என்று கேட்டார். "இல்ல தாயி, நான் குந்திகினு இருந்தேன். எனக்கு நல்லா நெனப்பு கீது. மாத்திர தீந்துபோச்சு, அதான் வாசல்லயே குந்திகினு இருந்தேன். இல்ல... அப்பிடி நான் நெனச்சிகினு கீறனா? எழிலு, நான் குந்திகினுதானேடா இருந்தேன்?" எழிலுக்கு எப்படித் தெரியும்? அவன் பெரும்பாக்கத்தில் இருந்தவன். கங்கம்மாவின் இடது கை சேலைத் தலைப்பைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தை சவுரிமுத்துவால் பார்க்க முடியவில்லை. கை போயிற்று, வீடு போயிற்று, இப்போது தன் ஞாபகத்தையே அந்த அம்மா நம்பாமல் போகப் போகிறார்.

அவர் சீட்டிலிருந்து இறங்கிப் பின்பக்கம் வந்தார். "எழுதாதீங்க டாக்டரம்மா" என்றார்.

"என்னண்ணா?"

"நான் ஹாரன் அடிக்கல."

யாருக்கும் புரியவில்லை. சவுரிமுத்து கங்கம்மாவின் முன்னால் போய் நின்றார். கத்தவில்லை. வழக்கமாகப் பேசுகிற குரலிலேயே சொன்னார். "அக்கா, உன் காதும் நல்லா கீது, புத்தியும் நல்லா கீது. அந்த ரெண்டு மாசமும் நான் ஹாரனே அடிக்கல. மதகு வரைக்கும் வந்தேன். அடிக்காம திரும்பிட்டேன். அடிச்சேன்னு இவங்ககிட்ட பொய் சொன்னேன்."

ஏஞ்சல் வாயைப் பொத்திக்கொண்டாள். எழில் ஒரே எட்டில் வந்து சவுரிமுத்துவின் சட்டையைப் பிடித்தான். "டேய், இன்னாடா சொல்ற? எங்கம்மா கை... எங்கம்மா கையிடா அது!" சவுரிமுத்து அவன் கையைத் தட்டவில்லை. அடி விழுந்தால் தேவலை என்றுதான் நின்றார்.

"வுடுடா அவன" என்றார் கங்கம்மா. "கத்தாத. எனக்கு நல்லா கேக்குது."

எழில் கையை எடுத்தான். கங்கம்மா மருமகள் பக்கம் திரும்பி, "கேட்டியாடி? எனக்கு ஒண்ணும் ஆவல. நான் குந்திகினுதான் இருந்திருக்கேன். நாளைக்கு என்ன என் வூட்ல கொண்டுபோய் வுடுங்க" என்றார். அந்தக் குழறலிலும் ஒரு நிமிர்வு வந்திருந்தது. அப்புறம்தான் சவுரிமுத்துவைப் பார்த்தார். கோபமாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. கணக்குப் புரியாத பிள்ளை பலகையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஏன் தம்பி அடிக்கல?"

"ரோஸிய பொண்ணு பாக்க வந்தாங்கக்கா. சீக்கிரம் வூட்டுக்கு வரச் சொல்லி போன் வந்துச்சு. நீ நடந்து வந்தா நேரமாயிடும்னு..."

கங்கம்மா தலையை ஆட்டினார். பெண்ணைப் பெற்றவனின் அவசரம் அவருக்குப் புரிந்தது. சவுரிமுத்துவுக்கு அந்தப் பதிலோடு நிறுத்திவிடத் தோன்றியது. அதோடு விட்டிருந்தால் அவர் பாதி மனுஷனாகவாவது வீட்டுக்குப் போயிருப்பார்.

"ரெண்டாவது தபாவும் பொண்ணு பாக்க வந்தாங்களா?" என்று கேட்டார் கங்கம்மா.

குத்தலே இல்லாத கேள்வி. தெரியாமல் கேட்டார். என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், ஆமாம் என்ற ஒரே வார்த்தை போதும்.

"இல்லக்கா."

"பின்ன?"

"கேம்ப் ரோட்ல... ஸ்கூலு வுட்டா டிராபிக் ஆயிடும்னு."

"டிராபிக்" என்றார் கங்கம்மா. அந்த வார்த்தையை இழுத்த வாயால் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார்.

நித்யஸ்ரீ எழுதிக்கொண்டிருந்த சீட்டைக் கிழித்துவிட்டு, டிரஸ்ட் செயலாளர் ராஜகோபாலன் சாருக்குப் போன் போட ஓரமாகப் போனார். ஏஞ்சல் ரிஜிஸ்டரில் அந்த இரண்டு மாதத்துப் பக்கங்களைத் தேடிக்கொண்டிருந்தாள். சவுரிமுத்துவுக்குக் கங்கம்மாவின் காலில் விழ வேண்டும்போல் இருந்தது. குனியப் போனவரைக் கங்கம்மாவின் குரல் நிறுத்தியது.

"மணி இன்னா ஆவுது தம்பி?"

"மூணேகால்க்கா."

"அப்போ கெளம்பு. உனக்கு டிராபிக் ஆயிடப் போவுது."

அக்கறையாகச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா? சவுரிமுத்து நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷமாகப் பார்த்த முகம், சிரித்தால் தெரியும், முறைத்தாலும் தெரியும். இப்போது வாய் ஒரு பக்கமாக இழுத்தபடியே நின்றது. சிரிப்பா, கோபமா, எவ்வளவு பார்த்தும் அவருக்குத் தெரியவில்லை. எழில் அம்மாவின் தோளைப் பிடித்து மாடிப்படி பக்கம் நடத்திக்கொண்டு போனான். இந்தத் தடவை அவன் மெல்லப் பேசிக்கொண்டே போனான்.